மார்கழிக் குளிரில் பாலிஹவுஸ் குடைமிளகாய்: ஹீட்டர் போடலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் நடுவே 25 சென்ட் பாலிஹவுஸ், அதாவது பாலித்தீன் கூரை போட்ட பயிர்க் குடில். ஐப்பசி கடைசியில் சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய் நட்டிருக்கிறீர்கள். மார்கழி பிறந்ததிலிருந்து பூ கொட்டுகிறது. நின்ற காயும் கோலிக்குண்டு அளவைத் தாண்டவில்லை. விடிகாலையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது. லடாக்கிலும் அமெரிக்காவிலும் உறைபனிக்கு நடுவே குடிலுக்குள் கீரை வளர்க்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, டீசல் ஹீட்டர் வாங்கலாமா, கறுப்பு டிரம்களில் தண்ணீர் நிரப்பி வைத்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். ஹீட்டர் வேண்டாம். டிரம் நாற்றங்காலுக்கு உதவும், 25 சென்ட்டுக்கு உதவாது. காரணம் எளிது: ஓசூர் வட்டாரத்துப் பாலிஹவுஸ்கள் பங்குனி, சித்திரை வெக்கையை வெளியே தள்ளுவதற்காகக் கட்டியவை. உயரமான கூரை, மேலே மூடவே முடியாத வென்ட் (காற்றுத் திறப்பு), நான்கு பக்கமும் வலை. அதை இரவில் சூடாக்கப் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. இந்தக் கட்டடத்தை வைத்துக்கொண்டே மார்கழி, தையைக் கடக்க வழி இருக்கிறது. அது நடவு நாளிலும், பக்கவாட்டுத் திரையான கர்ட்டனை மூடுகிற நேரத்திலும், ஈரத்தை வெளியேற்றுவதிலும் இருக்கிறது.

அந்த வீடியோக்களில் காட்டுவது பொய் இல்லை, ஆனால் அவர்களுடைய கஷ்டம் வேறு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற மெய்ன் மாநிலம் 44, 45 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று அங்கே பகல் 9 மணி நேரம்கூட இல்லை. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் கீரை ஏறக்குறைய வளராமலே நிற்கும். அதனால் அங்கே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விதைத்து, நவம்பருக்குள் செடியை முழு அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பிறகு குடிலுக்குள்ளேயே செடி மேல் இன்னொரு மெல்லிய துணியைப் போர்த்தி, உயிரோடு வைத்திருந்து வேண்டியபோது அறுக்கிறார்கள். அவர்களுடைய கீரை இரவில் உறைந்து, பகலில் இளகி, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். குடைமிளகாயை அங்கே வைத்தால் ஒரே இரவில் கருகிவிடும். லே நகரம் 34 டிகிரியில், 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குடில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். தெற்குப் பக்கம் மட்டும் பாலித்தீன், மற்ற மூன்று பக்கமும் தடித்த மண் சுவர். டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்தில்தான் நிற்பதால் வெயில் நேராக வடக்குச் சுவரில் விழுகிறது. பகலெல்லாம் வாங்கின சூட்டைச் சுவர் இரவில் திருப்பிக் கொடுக்கிறது.

தேன்கனிக்கோட்டையில் அதே நாள் பகல் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம். நண்பகல் சூரியன் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். அதாவது வெளிச்சப் பஞ்சம் நமக்கு இல்லை, உறைபனியும் இல்லை. வடக்கே சுவர் கட்டினாலும் வெயில் பெரும்பாலும் தரையில்தான் விழும். ஆகவே நமக்குச் சூட்டைச் சேர்த்து வைக்கிற இடம் பெட் (பாத்தி) மண்தான். அந்த ஊர்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு: குளிருக்கு முன்பே செடியை வளர்த்து முடிப்பது, செடிக்கு மிக அருகில் இரண்டாவது போர்வை போடுவது.

இப்போது உங்கள் காய்க்கு வருவோம். தளி, தேன்கனிக்கோட்டை, பேரிகைப் பக்கம் மார்கழி, தையில் பல இரவுகள் 12 முதல் 15 டிகிரிக்கு இறங்கும், சில விடியல்களில் 10-ஐ ஒட்டிப் போகும். தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் தாழ்ந்த நிலம் என்பதால் அங்கே 3, 4 டிகிரி கூடுதலாக இருக்கும், இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. குடைமிளகாய்க்கு இரவில் 16 முதல் 18 டிகிரி இருந்தால் நல்லது. 15-க்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் மகரந்தம் வீரியமிழக்கும். பூ விரிகிற அன்றைய குளிர் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. மொட்டுக்குள் மகரந்தம் உருவாகிற காலத்தில், அதாவது பூ விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு அடித்த குளிரே கெடுத்துவிடுகிறது. மகரந்தம் செத்தாலும் சில பூக்களில் காய் பிடிக்கும். ஆனால் விதை இல்லாததால் அது பெருக்காது. தட்டையாக, நுனி கூர்ந்து, பட்டன் மாதிரி நின்றுவிடும்.

இது குளிரால்தானா என்று உறுதி செய்துகொள்ளாமல் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். பத்து பட்டன் காய்களைப் பறித்து, காம்பிலிருந்து நுனி வரை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். உள்ளே நடுத்தண்டு வெள்ளையாக, வழவழவென்று, விதையே இல்லாமலோ எண்ணி நாலைந்து சுருங்கிய விதைகளோடோ இருந்தால் மகரந்தக் கோளாறு. விதை நிறைய இருந்து, காயின் மேல்தோலிலும் காம்படியிலும் பழுப்பு நிறத்தில் கீறல் கீறலாகத் தழும்பு இருந்தால் அது இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டினால் ஊசி முனை அளவில் மஞ்சளாக ஓடும். நுனி இலைகள் கீழ்நோக்கி மடங்கி, அடிப்பக்கம் வெண்கல நிறமாக மினுங்கினால் மஞ்சள் சிலந்திப்பேன். மூன்றுக்கும் காய் சிறுத்துப்போகும், மருத்துவம் மட்டும் வேறு வேறு. நீங்கள் சொன்ன நடவுத் தேதியை வைத்துப் பார்த்தால் முதல் பூக்கள் சரியாக மார்கழித் தொடக்கத்தில் வந்திருக்கும். அதனால் குளிர் என்றே நினைக்கிறேன், ஆனாலும் அறுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, பாலிஹவுஸுக்குள் இரவில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பாருங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கிற தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பாலிஹவுஸின் நடுவில், செடியின் நுனி உயரத்தில், மேலே ஒரு வெள்ளைத் தட்டோ அட்டையோ நிழலாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இன்னொன்றை வெளியே அதே உயரத்தில். பத்து இரவு குறித்து வையுங்கள். பலருக்கு இந்தக் கணக்கு அதிர்ச்சி தரும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் உள்ளே இருக்கிற சூடு வெளியைவிட ஒரு டிகிரிகூட அதிகம் இருக்காது. சில இரவுகளில் வெளியைவிட உள்ளேதான் குளிர் அதிகம். சாதாரண 200 மைக்ரான் பாலித்தீன், மண்ணும் இலையும் இரவில் விடுகிற வெப்பக் கதிரைத் தடுக்காமல் வானத்துக்கு அனுப்பிவிடும். கண்ணாடி அப்படி அனுப்பாது. வெளியே மெல்லிய காற்று அடித்து மேலிருக்கிற சற்றுச் சூடான காற்றைக் கலந்துவிடும், உள்ளே அந்தக் கலப்பும் நடக்காது. வெப்பக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் உள்ள ஷீட் கிடைக்கிறது. அடுத்த முறை கூரை மாற்றும்போது அதையே கேட்டு வாங்குங்கள், சொட்டாத வகையாகவும் இருக்கட்டும். அதற்காக நல்ல ஷீட்டை இப்போது கழற்ற வேண்டாம்.

ஹீட்டர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்குக் கணக்கு இது. 25 சென்ட் என்றால் சுமார் 1,000 சதுர மீட்டர் தரை. கூரையும் பக்கங்களும் சேர்ந்து 1,500 சதுர மீட்டராவது இருக்கும். ஒற்றை பாலித்தீன், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் வீதம் சூட்டை இழக்கும். வெளியைவிட 5 டிகிரி கூட்டி வைக்க 45 கிலோவாட். 12 மணி நேர இரவுக்கு 540 யூனிட். டீசலில் லிட்டருக்கு 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஹீட்டரில் வீணாவதையும் கழித்தால் ஒரு இரவுக்கு 60 லிட்டருக்கு மேல். வென்ட் வழியாகவும் வலை வழியாகவும் கசிகிற காற்றை இதில் நான் சேர்க்கவே இல்லை. 40 இரவு ஓட்டினால் டீசல் செலவு மட்டும் 2 லட்சத்தைத் தாண்டும்.

டிரம்முக்கும் இதே கணக்குதான். 200 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி குளிர்ந்தால் 1.16 யூனிட் வெப்பம் வெளிவரும். 540 யூனிட்டுக்கு 465 டிரம் வேண்டும். அவை நிற்கிற இடமே 4 சென்ட்டை விழுங்கிவிடும். பத்துப் பதினைந்து டிரம் வைத்துவிட்டு நல்ல பலன் என்று யாராவது சொன்னால், உள்ளேயும் வெளியேயும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மூட்டம் போடுவது இதைவிட மோசம். வைக்கோல், உமி, மரத்தூள், கரி எதையும் மூடிய பாலிஹவுஸுக்குள் புகைய விடாதீர்கள். அரைகுறையாக எரிகிற எதிலும் எத்திலீன் வாயு வரும். அது இம்மியளவு இருந்தாலே மொட்டும் பூவும் உதிரும், குளிர் கெடுக்காததையும் அது கெடுத்துவிடும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாடை கிடையாது, உள்ளே காவலுக்குப் படுக்கிற ஆளின் உயிரை எடுத்துவிடும்.

சரி, செலவில்லாமல் எவ்வளவு சூட்டைக் காப்பாற்ற முடியும்? சைடு கர்ட்டனை இருட்டிய பிறகு இறக்குவது பெரும்பாலான தோட்டங்களில் நடக்கிற தவறு. அதற்குள் மண் வாங்கின சூடு போய்விடும். பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கு உள்ளே 25, 26 டிகிரிக்கு இறங்கும்போதே மூடுங்கள். மூடுவதற்கு முன் 20 நிமிடம் எல்லாப் பக்கமும் முழுதாகத் திறந்து வைத்து ஈரக்காற்றை வெளியேற்றிவிடுங்கள். மேல் வென்ட்டின் வாய் தென்மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கு பார்த்திருந்தால், மார்கழி வாடை நேராக அதற்குள்தான் வரும். அப்படியானால் வென்ட்டின் பாதி நீளத்துக்கு, கயிறும் கப்பியும் வைத்து ஏற்றி இறக்கும்படி ஒரு ஷீட் மடிப்பு கட்டலாம். மேல் விளிம்பை அலுமினிய சேனலில் ஸ்பிரிங் போட்டு இறுக்க வேண்டும். சும்மா கம்பியில் கட்டினால் ஒரே காற்றில் கிழியும். முழு நீளமும் மூட வேண்டாம், காரணம் கீழே வருகிறது. உள்ளே இழுத்து மூடுகிற ஷேட் நெட் இருந்தால், கோடையில் செய்வதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: பகலில் ஒதுக்கிவிடுங்கள், மாலை ஐந்து மணிக்கு இழுத்து மூடுங்கள். செடிக்கும் குளிர்ந்த கூரைக்கும் நடுவே ஒரு திரை வந்தால் இலை விடுகிற வெப்பம் பாதியில் மறிக்கப்படும். அலுமினிய இழை கலந்த நெட் இதற்குச் சிறந்தது, சாதாரண பச்சை நெட் அதில் பாதிகூடச் செய்யாது. இத்தனையும் சேர்ந்து கிடைப்பது 2 டிகிரி, நல்ல அமைப்பில் 3. சின்னதாகத் தோன்றும். ஆனால் 13 டிகிரி இரவு 15 ஆனால் குடைமிளகாய்க்கு அது பெரிய வித்தியாசம். உங்கள் பாலிஹவுஸில் எத்தனை டிகிரி கிடைக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். பள்ளத்தில் இருந்தால் குளிர்காற்று வந்து தேங்கும், மேட்டில் இருந்தால் வழிந்து போகும். அதனால்தான் அந்தப் பத்து நாள் அளவை வலியுறுத்துகிறேன்.

இப்போது ஈரம். குளிரால் போகிற விளைச்சலைவிட ஈரத்தால் போவதே நம் பக்கத்தில் அதிகம் என்பது என் கணிப்பு. மூடிய பாலிஹவுஸில் இரவு பத்து மணிக்கே காற்றின் ஈரப்பதம் உச்சத்துக்குப் போய்விடும். பிறகு கூரையில் வியர்த்து, இலையில் சொட்டும். இலை தொடர்ந்து ஆறேழு மணி நேரம் நனைந்திருந்தால் வெள்ளரியில் அடிச்சாம்பல் நோய், தக்காளியில் பின்பருவக் கருகல், எந்தச் செடியிலும் பூவழுகல் எல்லாம் வந்து உட்காரும். சூட்டைப் பிடிக்க மூட வேண்டும், ஈரத்தை வெளியே விடத் திறக்க வேண்டும். இந்த இழுபறியில் நான் ஈரத்தை விடுகிற பக்கம்தான் நிற்பேன். ஒரு டிகிரியை இழந்தாலும் செடி பிழைக்கும், நோய் பரவினால் பயிரே போய்விடும். மேல் வென்ட்டைப் பாதியாவது திறந்து வையுங்கள் என்றது இதனால்தான். இரவில் மின்சாரம் கிடைத்தால், காற்றைச் சுற்ற வைக்கிற சின்ன மின்விசிறி நான்கு போதும். ஒரு வரிசையில் ஒரு திசை, அடுத்த வரிசையில் எதிர்த் திசை என்று வைத்து இரவு பத்திலிருந்து காலை வரை ஓடட்டும். இலை மேல் காற்று நகர்ந்தாலே பனி படிவது வெகுவாகக் குறையும்.

காலை நேரத்தில் நடக்கிற தவறு நிறைய பேருக்குத் தெரிவதில்லை. சூரியன் ஏறியதும் உள்ளே காற்று வேகமாகச் சூடாகும், ஆனால் சதைப்பற்றான காய் மெதுவாகத்தான் சூடாகும். காற்று 22 டிகிரியில் இருக்கும்போது காய் இன்னும் 15-இல் இருக்கும். அந்த நேரத்தில் குடைமிளகாயின் தோளைத் தொட்டுப் பாருங்கள், ஐஸ் தண்ணீர் பாட்டிலைப் போல வியர்த்திருக்கும். அந்த ஈரம் காம்புக் குழியில் தேங்கி அழுகலுக்கு வழி செய்கிறது, தோலில் மயிரிழை மாதிரி வெடிப்பும் வரும். அதனால் "நன்றாகச் சூடேறட்டும்" என்று ஒன்பதரை வரை மூடி வைக்காதீர்கள். ஏழரை மணிக்குக் காற்று வராத பக்கத்துக் கர்ட்டனை ஓரடி திறங்கள், எட்டரைக்குப் பாதி, 25 டிகிரியைத் தொட்டதும் முழுதாக. இன்னொரு காரணமும் உண்டு: வெயில் பட்டதும் செடி உள்ளே இருக்கிற கரியமில வாயுவை வேகமாகத் தின்றுவிடும். மூடியே இருந்தால் வெயில் இருந்தும் சாப்பாடு இல்லாமல் நிற்கும்.

தண்ணீரைக் காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் விடுங்கள், மாலையில் வேண்டவே வேண்டாம். கோடையில் விடுவதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு போதும். பெட்டில் நாலு விரல் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலில் அழுத்தினால் உடைய வேண்டும். சேறாக ஒட்டினால் ஒரு நாள் விடாதீர்கள். போர்வெல் தண்ணீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 24, 25 டிகிரியில் வரும். திறந்த தொட்டியிலும் பண்ணைக் குட்டையிலும் இரவெல்லாம் நின்ற தண்ணீர் காலையில் 15, 16 டிகிரிதான் இருக்கும். அதைச் சொட்டுநீரில் விட்டால், வெயில் ஏறிய நேரத்தில் குளிர்ந்த வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் வெள்ளரி பட்டென்று வாடும். வேரழுகல் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். முடிந்தால் மார்கழி, தையில் போர்வெல்லிலிருந்து நேராக விடுங்கள்.

உரத்திலும் ஒரு மாற்றம். குளிர்ந்த மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். 19:19:19 கலப்பு உரத்தில் இருக்கிற தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியாவும்தான். அதைக் குறைத்து, கால்சியம் நைட்ரேட்டையும் 13:0:45-ஐயும் (பொட்டாசியம் நைட்ரேட்) தனித்தனி நாளில் விடுங்கள். குளிரில் மணிச்சத்தை இழுப்பதும் வேருக்குக் கஷ்டம். தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமானால் மண்ணில் மணிச்சத்து இல்லை என்று முடிவு கட்டி டிஏபி கொட்டாதீர்கள், மாசியில் தானாகச் சரியாகும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக: கோடைக்குக் கூரையில் அடித்த சுண்ணாம்பு மழையில் முழுதாகப் போயிருக்காது. ஐப்பசியிலேயே சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துடைப்பமும் வைத்துக் கழுவுங்கள். நான்கு வருடம் ஆன ஷீட் மங்கியிருக்கும், உள்ளே நின்றால் கண்ணுக்குத் தெரியாது, செடி நெட்டையாக இளைத்து வளர்வதில் தெரியும்.

நடவு நாள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், அடுத்த ஆண்டுக்கு இதை மாற்றினாலே பாதித் தொல்லை தீரும். குளிர் கெடுப்பது பூவையும் பிஞ்சையும்தான். ஏற்கெனவே விதை பிடித்து எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்ட காய் 12 டிகிரியையும் தாங்கும், பெருப்பதும் நிறம் மாறுவதும் தாமதமாகும், அவ்வளவுதான். குடைமிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாள். நட்டு 30, 35 நாளில் பூ. தண்டு முதலில் கிளை பிரிகிற கவட்டையில் வருகிற பூவைக் கிள்ளிவிட்டு, அடுத்த கணுக்களில் காய் பிடிக்க 45, 50 நாள். ஆடிக் கடைசிக்குள் நட்டால் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முழுக்க காய் பிடிக்கும், மார்கழியில் நிறம் மாறிக்கொண்டிருக்கும். ஐப்பசிக் கடைசியில் நட்டால் காய் பிடிக்க வேண்டிய நேரம் சரியாக மார்கழி நடுவில் வந்து விழுகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான். விதையில்லா வெள்ளரிக்கு மகரந்தக் கவலை இல்லை, ஆனால் 12 டிகிரிக்குக் கீழே வளராது, அடிச்சாம்பலும் விடாது. தளிப் பக்கத்தில் கார்த்திகை முதல் தை வரை வெள்ளரியைத் தவிர்த்துவிட்டு மாசியில் நடுவது நல்லது.

அந்த இடைவெளியில் பாலிஹவுஸ் காலியாக இருந்தால் என்ன வைப்பது? முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீட்ரூட், நூல்கோல், பீன்ஸ் எல்லாம் இந்தக் குளிருக்கு வெளியிலேயே ஆனந்தமாக வளரும், பாலிஹவுஸை அதற்குச் செலவிட வேண்டாம். உள்ளே வைக்கத் தக்கது மழைத்துளி பட்டால் கெடுகிற இலைப்பயிர்: லெட்யூஸ், சைனீஸ் கேபேஜ், செலரி, பார்ஸ்லி, கொத்தமல்லி. நம் குளிர்காலம் வடகிழக்குப் பருவமழையோடு ஒட்டி வருவது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெளியில் இருந்த கீரை தப்பிக்க வழியே இல்லை. அதனால் கூரை மட்டும் போதாது, பாலிஹவுஸைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்கு வடிகால் வாய்க்காலும் வேண்டும். லெட்யூஸை ஒரு அடிக்கு ஒன்றாக நட்டால் 45, 50 நாளில் அறுவடை. முன்பு சொன்ன மூடுகிற விதி லெட்யூஸுக்குப் பொருந்தாது: பகலும் இரவும் பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். உள்ளே 28 டிகிரியைத் தாண்டினால் கசக்கும், பூத்தண்டு விடும்.

இளம் குடைமிளகாய், தக்காளி நாற்றுக்கோ குளிர் தாங்காத கீரைக்கோ உள்போர்வை வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். 6 மில்லிமீட்டர் ஜிஐ கம்பியை ஏழு, எட்டு அடி நீளத்தில் வெட்டி, மூன்றடி பெட்டின் மேல் ஐந்தடிக்கு ஒன்றாக வளைத்துக் குத்துங்கள். அதன்மேல் 17 முதல் 25 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) நான்-ஓவன், அதாவது நெய்யாத துணி. மாலை ஐந்துக்குப் போர்த்தி, காலை எட்டுக்கு எடுத்துவிட வேண்டும். துணி இலையைத் தொடக்கூடாது, தொட்ட இடத்தில் ஈரம் நின்று இலை கருகும். இது 2, 3 டிகிரி தரும். ஆறடிக்கு மேல் கயிற்றில் ஏறிய குடைமிளகாய்க்கு இது நடக்காது. அதற்கு நெட் திரைதான். மல்ச்சிங் ஷீட்டை வெள்ளி அடியில், கறுப்பு மேலே என்று திருப்பிப் போட்டால் மண் சற்றுக் கூடுதலாகச் சூடாகும், ஆனால் இரண்டு மாதப் பயிருக்கு மட்டும். ஒன்பது மாதம் நிற்கிற குடைமிளகாய்க்குக் கறுப்பை மேலே வைத்தால் பங்குனியில் தண்டின் அடி வெந்துபோகும்.

டிரம்முக்கு உரிய இடம் நாற்றங்கால். குடைமிளகாய் விதைக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். 15 டிகிரியில் மூன்று வாரம் ஆகும், அதற்குள் பாதி அழுகிவிடும். விதைத்த குழித்தட்டுகளை எட்டு, பத்தாக அடுக்கி, பாலித்தீனில் இறுகச் சுற்றி, இரவில் குளிராத ஓர் அறையில் வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் பிரித்துப் பாருங்கள், வெள்ளை முளை தலைகாட்டிய அன்றே பரப்பிவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தால் நாற்று நூலாக நீண்டுவிடும். பரப்புகிற இடம் பத்தடிக்குப் பத்தடி, இரண்டு அடுக்கு பாலித்தீன், நடுவே நாலு விரல் இடைவெளி. இதற்கு மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் ஓர் இரவுக்குச் சுமார் 6 யூனிட், அதாவது ஐந்தாறு டிரம். மேட் கறுப்பு பெயிண்ட் அடித்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, வடக்கு ஓரமாக வரிசையாக வையுங்கள். அங்கே வைத்தால் நாற்றுக்கு நிழலும் விழாது, டிரம் மேல் நாள் முழுக்க வெயிலும் படும். மாட்டுச் சாணம் நிறைய இருந்தால், புதுச் சாணத்தையும் வைக்கோலையும் இரண்டடி உயரத்துக்கு மிதித்து, மேலே நாலு அங்குலம் மண் போட்டு அதன்மேல் தட்டை வைக்கலாம். மூன்று வாரம் சூடு வரும். முதல் நாலைந்து நாள் அம்மோனியா நெடி அடங்கும் வரை தட்டை ஏற்றாதீர்கள்.

இந்தப் பயிருக்கு இப்போது செய்ய வேண்டியது. அறுத்துப் பார்த்ததில் விதையில்லை என்றால், பட்டன் காய்களையும் நுனி கூர்ந்தவற்றையும் ஒன்றுவிடாமல் கிள்ளி வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். அவை இனிப் பெருக்காது. பூ நிற்க ஹார்மோன் அடித்தால் பூ நிற்கும், காய் மறுபடி பட்டனாகத்தான் நிற்கும். வெயிலுள்ள நாட்களில் பத்திலிருந்து பதினொன்றரைக்குள் கயிறு கட்டிய மேல்கம்பிகளைத் தட்டிவிடுங்கள், இருக்கிற கொஞ்சம் நல்ல மகரந்தமாவது பூவுக்குள் விழும். இலையின் மேல் மஞ்சள் திட்டும் அதன் அடியில் வெள்ளைப் பூச்சும் தெரிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் மாலைக்கு முன் அடியுங்கள், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் மட்டும் அடிக்க வேண்டாம். தை நடுவிலிருந்து இரவு ஒவ்வொரு டிகிரியாக ஏறும். தெர்மாமீட்டரில் தொடர்ந்து ஏழு இரவு 15-க்கு மேல் காட்டிய நாளைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து விரிகிற பூக்களில் விதையோடு காய் பிடிக்கும், அதுவரை செடிக்கு இலையும் வேரும் கெடாமல் பார்த்துக்கொண்டால் சித்திரைக்கு நிறம் ஏறிய காய் பறிக்கலாம்.